ஒரகடத்தின் டான்ஸ் எழுத்து

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து படப்பை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள் என் எழுத்தைப் பார்க்காமல் இறங்க முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். பிரியாணிக் கடை, பஞ்சர் கடை, மூல நோய் வைத்தியர், கார் டிரைவிங் ஸ்கூல், பிள்ளைப்பாக்கம் பக்கம் வயலை நிரவி மனை போட்டிருப்பவர்கள், எல்லார் போர்டிலும் ஒரே எழுத்துதான் குதித்துக்கொண்டிருக்கும். அதை வரைந்தவள் நான்.

கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், வாசலில் சுருட்டி வைத்த பேனர்கள். எங்கள் ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த நகர் ஒன்றில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஷிஃப்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதை நடத்திய அம்மா என் கடைக்கு வந்து, "பசங்க கேட்டைப் பாத்தாலே அழுவுதுங்கோ, போர்டாவது அழ வைக்காம இருக்கணும்" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இருந்த எழுத்து எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் தாலுகா ஆபீஸ் முகத்தோடு முறைத்தன. தடித்த மார்க்கரை எடுத்துக் கையாலேயே எழுதிப் பார்த்தேன்.

நன்றாகத்தான் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கொம்பை ஜிலேபி மாதிரி சுற்றினேன். துணைக்காலைப் பந்து உதைக்கிற காலாக மடக்கினேன். புள்ளிக்குப் பதில் சோப்பு நுரை மாதிரி ஒரு சின்ன வளையம். ஒரு எழுத்து மேலே ஏறும், அடுத்தது இறங்கும், அதற்கடுத்தது பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். ஒரே 'க' திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் எழுத்து என்று தெரிந்துவிடும். அதனால் 'க' மட்டும் சில விதமாக வரைந்து, மாறி மாறி வருகிற மாதிரி செய்தேன். காப்பகத்து போர்டைப் பார்த்துப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்களா என்றால், இல்லை. ஆனால் கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆசை யாரை விட்டது! எழுத்தையெல்லாம் ஸ்கேன் செய்து, ராவும் பகலுமாக உட்கார்ந்து, டைப் அடிக்கிற எழுத்துருவாகவே ஆக்கிவிட்டேன். 'துள்ளல்' என்று பெயரும் வைத்தேன். அந்தப் பெயரை என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் அது டான்ஸ் எழுத்துதான். பக்கத்துக் கடைக்காரர் பென்டிரைவில் கேட்டார், கொடுத்தேன். அவர் யாருக்குக் கொடுத்தார், அவர் யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் ஆண்டவருக்கே வெளிச்சம். வாலாஜாபாத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதைப் பார்த்து, "இது நான் வரைஞ்சது" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர்லயே வர்றதும்மா" என்றார்.

இந்த மாதிரி எழுத்து எதற்கு என்று எனக்குத் தெரியும். பெரிதாகப் போட வேண்டும், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் போடக் கூடாது, சந்தோஷமான சமாசாரமாக இருக்க வேண்டும். ஐஸ்கிரீம், ஜூஸ், பிறந்தநாள், பொம்மைக் கடை, பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. அங்கெல்லாம் அது அழகாக உட்காரும். பத்து வரி தொடர்ந்து போட்டால் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். இதை நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொன்னேன். கடையில் எழுதியே ஒட்டியும் பார்த்தேன். வந்தவர்கள் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "அந்த டான்ஸ் எழுத்துல போட்ருங்க" என்றார்கள்.

பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர் ஒருவர் வந்தார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"சாவு வூட்ல எல்லாரும் ஏற்கெனவே அழுதுகினு கீறாங்கோ. நம்ம போர்டாவது கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்மா" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். ஏரிக்கரையில் வைக்க ஒரு போர்டு கேட்டார்கள். 'ஆழமான பகுதி, இறங்காதீர்கள்.' அதுவும் டான்ஸ் எழுத்தில்தான் வேண்டுமாம். வைத்த பிறகு பார்த்தால், வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நானே நேராக வேறு ஒரு போர்டு அடித்து, கூலி வாங்காமல் மாட்டிவிட்டு வந்தேன். தெற்கத்திப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் ஒன்றில் விதிமுறைகள் முழுவதையும் அந்த எழுத்தில் அடித்து மாட்டினார்கள். சத்தம் போடக் கூடாது, துணி காயப் போடக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது. எல்லாக் கூடாதும் குதித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த தூத்துக்குடிப் பெண் ஒருத்தி என் கடைக்கு போன் ரீசார்ஜ் செய்ய வந்தபோது சொன்னாள்: "வார்டன் சிரிச்சிக்கிட்டே ஏசுத மாரி இருக்குக்கா."

இவ்வளவு பேருக்கும் பிடித்த எழுத்து பிடிக்காத ஒரே ஆள் என் அப்பா.

அப்பா ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. கம்பெனி வந்த நாளிலிருந்து அந்த கேட்டில் நின்றவர். யூனிஃபார்மைத் தானே இஸ்திரி போடுவார், பேண்டின் மடிப்பில் கை வைத்தால் அறுக்கும் போலிருக்கும். அடையாள அட்டை இல்லாமல் பெரிய மேனேஜரே வந்தாலும் உள்ளே விட மாட்டார். வீட்டிலும் அதே கேட்தான். வாசலில் செருப்புகள் வரிசையாக இருக்க வேண்டும், தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருக்க வேண்டும், சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் நாங்கள் உயர வரிசைப்படி உட்கார வேண்டும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கல்யாண போட்டோவில்கூட ஐ.டி. கார்டு கேட்கிற மாதிரிதான் நிற்கிறார்.

காப்பகத்து போர்டை முதலில் அடித்த அன்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"எழுத்துன்னா லைன்ல நிக்கணும். இது இன்னா, ஓ.டி. முட்சிட்டு வெளிய வர்ற கும்பலாட்டம் கீது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு அவருடைய கம்பெனிக்கு ஒரு புது எச்.ஆர். அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல சட்டை, எதற்கெடுத்தாலும் 'ஃபன்' என்பார். கம்பெனிக்குள் இருக்கும் போர்டெல்லாம் தொழிலாளிகளை மிரட்டுகிறதாம். என் கடைக்கு வந்து, "எல்லாமே ஃப்ரெண்ட்லியா இருக்கணும் மேடம், அந்த பவுன்ஸ் ஆகற ஃபான்ட்ல" என்றார். கேன்டீன், லாக்கர் ரூம், கழிவறை வரைக்கும் என் எழுத்து போனது. 'தலைக்கவசம் அணியவும்' என்பதுகூடக் குதித்தது. சம்பளம் ஏற்றித் தரவில்லை என்று லைனில் முணுமுணுப்பு இருந்த நேரம் அது. கேன்டீன் சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று என் ஜிலேபிக் கொம்புகள் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அடித்த பேனர்தான், ஆனால் எனக்கே அது பொய்யாகப் பட்டது.

கொஞ்ச நாள் கழித்து அதே அதிகாரி போனில் ஒரு பேனர் சொன்னார். 'நன்றி! உங்கள் புதிய பயணம் இனிதே தொடங்கட்டும்!' சுற்றிலும் பலூன் வேண்டும், ஒரு மூலையில் சூரியன் சிரிக்க வேண்டும். யாருக்கு என்று கேட்டேன். "ஒரு டீமுக்கு ஃபேர்வெல்" என்றார். யாரோ மேனேஜர்கள் வேறு கம்பெனிக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

அந்த டீம், கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஆட்கள். முகத்தைக் காட்டினால் தானாகத் திறக்கிற மெஷின் வந்துவிட்டது. இனி நின்று பார்க்க ஆள் வேண்டாம். அப்பாவையும் மற்றவர்களையும் மத்தியானம் கூப்பிட்டு, கேட்டுக்கு மேலேயே அந்த பேனரைக் கட்டி, கேக் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். போட்டோவை அதிகாரி எனக்கும் அனுப்பியிருந்தார், பேனர் சூப்பராக வந்திருக்கிறது என்று. எல்லாரும் கேக் கையோடு கோணலாக நிற்க, அப்பா மட்டும் விறைப்பாக அட்டென்ஷனில் நிற்கிறார். தலைக்கு மேலே என் எழுத்து ஆடுகிறது. அந்தப் போட்டோவைப் பார்த்து நான் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த எச்.ஆருக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசினேன். "மேடம், ஏன் நெகட்டிவா எடுத்துக்கறீங்க?" என்றார்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்தபோது பேனரையும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டில் யாரும் எடுக்கவில்லையாம், வீணாகப் போகிறதே என்று கொண்டுவந்தாராம். எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். நெல்லுக்கு, விறகுக்கு, ஆட்டுக்கொட்டகைக்கு, எதற்காவது ஆகும். அப்பா மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறி, கொல்லையில் கூரையில்லாமல் இருந்த குளியலறைக்கு மேலே அதை இழுத்துக் கட்டினார். எழுத்து உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். ரோட்டில் போகிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. உள்ளே குளிக்கிறவர்களுக்குத்தான் தலைக்கு மேல் 'புதிய பயணம்' தெரியும்.

"ஊர் கண்ணுக்கு மறைச்சிட்டாரு. நான்தான் தெனம் சோப்பு போட்டுகினே அத்தப் படிக்கணும்" என்று அம்மா சொல்லுவாள். அப்பா காதில் விழாத மாதிரி இருப்பார். அந்த எழுத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொன்னது கடைசியில்தான். நுரையீரல் கெட்டுப்போய்க் கட்டிலோடு ஆகிவிட்டிருந்தார். ஒரு சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையால் போதும் என்று தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு கல்லு வெப்பீங்க இல்ல?"

"இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?"

"வெப்பீங்க. உங்கம்மா விடமாட்டா. அதுல உன் எழுத்து வேணாம். நேரா போடு. நான் நேரா நின்ன ஆளு."

சரி என்றேன். தலையில் கை வைத்துச் சத்தியம் செய் என்றார். அவர் தலையிலேயே கை வைத்துச் செய்தேன். எங்கள் அப்பா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. கேட்டது அந்த ஒன்றுதான்.

அவர் இறந்த அந்த வருஷமே, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல் வைத்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நவம்பர் பிறந்ததும் வருகிற அந்தத் திருநாளில் எங்கள் சர்ச் பங்கில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். அன்றைக்குக் கல் இல்லாமல் வெறும் மண்ணாக இருந்தால், வருகிற போகிற சொந்தமெல்லாம் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கிரானைட் பட்டறை. நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் பழைய வாடிக்கையாளர். அவருக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்ததே நான்தான். அப்பாவின் பெயர், தோற்றம், மறைவு, கீழே ஒரு வசனம், மேலே சிலுவை. எல்லாவற்றையும் நேரான எழுத்தில், ஒரு மயிரிழை விலகாமல் நானே அமைத்து அனுப்பினேன். எதையும் மாற்றாதீர்கள் என்றும் போனில் சொன்னேன். அவர் சரி சரி என்றார்.

போய் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் கல்லறைக் கல்லைப் பட்டறையில் போய்ப் பார்க்கிற பழக்கம் இல்லை. போய்ப் பார்த்தால் அடுத்த கல்லுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம். கல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வரும், அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவள் இதையெல்லாம் நம்புகிறாளா என்றால், நம்பவில்லை. அம்மா நம்பினாள். அதனால் போகவில்லை.

திருநாளுக்கு முதல் நாள் துடைப்பம், வாளி, சுண்ணாம்போடு நானும் அம்மாவும் போனோம். கல் வைத்திருந்தார்கள். நல்ல கறுப்புக் கல், முகம் பார்க்கலாம். நான்கு பக்கமும் சிமென்ட் திட்டு கட்டி, நடுவில் மண்ணை விட்டு, மேலே கல்லை மூடி மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். தங்க நிறத்தில் எழுத்து மின்னியது.

அப்பாவின் பெயர் ஆடிக்கொண்டிருந்தது. முதலெழுத்து மேலே ஏற, இரண்டாவது இறங்கி, மூன்றாவது அதன் தோளில் சாய்ந்திருந்தது. துணைக்கால் பந்தை உதைத்தது. 'மறைவு' என்ற வார்த்தையில் கொம்பு ஜிலேபியாகச் சுற்றியிருந்தது. வசனம் முழுவதும் புள்ளிக்குப் புள்ளி சோப்பு நுரை. ஐஸ்கிரீம் வண்டியில் ஒட்ட வேண்டியதை அப்பா மேல் ஒட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழுவதையும் படித்து முடித்தாள்.

"இது நம்ம பாத்ரூம் எழுத்து இல்ல?" என்றாள்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியளா? முன்னமே சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க அனுப்புனது வரி பாக்கி நோட்டீசு மாரில்லா இருந்துச்சு. துக்கத்துல ஏதோ போட்டு அனுப்பிட்டியன்னு நெனச்சேன். ஊரு பூரா உங்க எழுத்துல போர்டு வச்சிருக்கான். பெத்த தகப்பனுக்கு அது இல்லாம எப்படி தாயி? நானே உக்காந்து எழுத்து எழுத்தா வச்சு வெட்டுனேன். மெஷின்ல விடல, கையாலயே வெட்டுனேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பாதிதான் திட்ட முடிந்தது. மனுஷன் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறார். ஊரில் என் எழுத்தைத் திருடியவனெல்லாம் கம்ப்யூட்டரில் வந்தது என்றான். அது என்னுடையது என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இவர், அதுவும் இந்த இடத்தில். இப்போதே மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். மறுநாளைக்குள் ஒன்றும் செய்ய முடியாது என்றார், திருநாள் முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்றார்.

"பூவப் போட்டு மூடு" என்றாள் அம்மா.

சாமந்தியும் கேந்தியுமாக மூட்டை மூட்டையாக வாங்கிவந்து கொட்டினோம். எழுத்தில் ஒரு வளையம்கூட வெளியே தெரியாத மாதிரி மூடினோம். மறுநாள் சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. சொந்தமெல்லாம் வந்து, "இன்னா பூவு, இன்னா பூவு" என்றார்கள். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றோம். அப்பா கேட்டில் நின்றதைவிட உஷாராக நின்றோம் என்று சொல்லலாம்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, மெழுகுவர்த்தி வைக்க இடம் தேடி வந்தாள். வேண்டாம் அத்தை என்று நான் கையைப் பிடிப்பதற்குள் பூவை ஒரே வாரலாக வாரி ஒதுக்கினாள்.

"அண்ணன் பேரு தெரிய வேணாமா? இத்த எதுக்குடி மூடி... அய்யய்யோ, இன்னா அழகா கீது!"

அவ்வளவுதான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் கூப்பிட்டு எதிர் வரிசைக்காரர்கள் வந்தார்கள். மீதிப் பூவையும் ஒதுக்கினார்கள். செல்போன் வெளிச்சத்தில் அப்பாவின் பெயர் துள்ளியது. யார் போட்டது, எங்கே போட்டது, எங்க மாமனாருக்கும் இப்படி ஒன்று போட வேண்டும் என்று என்னையே கேட்டார்கள். சாமியார் தண்ணீர் தெளிக்க வந்தவர் கொஞ்சம் நின்று படித்துவிட்டு, "ரொம்ப லைவ்லியா இருக்கும்மா" என்றார். கல்லறையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே அப்பா விறைப்பாகக் கேக் கையோடு நின்ற போட்டோதான் ஞாபகத்துக்கு வந்தது. அதே எழுத்து, அதே கூட்டம், இந்தத் தடவையும் அவரை யாரும் கேட்கவில்லை.

திருநாள் கழிந்து பட்டறைக்காரர் வந்தார். நான் சத்தியம் செய்ததைச் சொன்னேன். மனுஷன் முகம் செத்துவிட்டது. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"தேச்சு அழிக்க முடியாது தாயி. ஆழமா வெட்டிருக்கேன். அவ்வளவையும் தேச்சா கல்லு மெலிஞ்சு வெடிச்சிரும்" என்றார்.

புதுக் கல் போடுவோம் என்றேன். அவர் தன் தவறுதானே, தானே போட்டுத் தருகிறேன் என்றார். அம்மா, "எதுக்கு?" என்றாள். "திருப்பிப் போடு."

"என்னம்மா சொல்லுதிய?"

"கல்ல திருப்பு. அந்தாண்ட பக்கம் வழவழன்னு தேச்சி, இவ சொல்ற மாதிரி நேரா வெட்டு. எங்க வூட்டுக்காரரே பேனர அப்படித்தான் கட்னாரு. ஊருக்கு வெள்ளப் பக்கம், உள்ளாற எழுத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அப்ப அந்த எழுத்து அவரு மூஞ்சிக்கு நேரா இருக்கும்" என்றேன். "வேணாம்னு சொன்னாரு. அத்தப் பாத்துகினேதான் காலத்துக்கும் படுத்துகினு இருக்கணும்."

"வேணாம்னு சொன்னது கல்லுல. கல்லுல நேரா இருக்கப் போவுது. அடியில இருக்கறத ஊரா பாக்குது?" திருநாளன்று அங்கேயே விட்டுப்போன வாளியை அம்மா எடுத்துக்கொண்டாள். "அவரு கூட்டத்துல என்னிக்கும் சிரிச்சதில்ல. வூட்ல சிரிப்பாரு, நீ பாத்ததில்ல. குளிக்கப் போனா உள்ளயிருந்து சத்தம் வரும். இன்னாய்யா சிரிப்புன்னா, 'உன் பொண்ணு றி-யப் பாரு, வால ஆட்டிகினு கீது'ன்னுவாரு."

எத்தனை வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே குளித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பாராட்டக்கூட அடையாள அட்டை கேட்கிற மனுஷன். எனக்கு வந்தது ஆத்திரம்தான். பிறகு சுண்ணாம்பு சிந்தியிருந்த தரையிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். பட்டறைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கத்துக் கல்லறையின் அளவை எடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லைத் திருப்பி வெட்டும்போது நான் பட்டறைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பயமாவது ஒன்றாவது. எழுத்து ஒவ்வொன்றும் கோட்டில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முடிந்ததும் பட்டறைக்காரர், அடிப்பக்கத்துத் தங்கப் பூச்சைச் சுரண்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இன்னொரு கோட் அடித்துவிடுங்கள் என்றேன்.

இப்போது எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். அத்தையின் மாமனார் ஆடுகிறார், எதிர் வரிசையில் இரண்டு பேர் ஆடுகிறார்கள், போன மாதம் வைத்த ஒரு கல்லில் சிலுவைகூடக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு கல் மட்டும் விறைப்பாக, எல்லாரிடமும் பாஸ் கேட்கிற மாதிரி நிற்கிறது. நல்லா இருந்த எழுத்தை ஏன் மாற்றினீர்கள், பாவம், பார்க்கவே கடுகடுவென்று இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர் குணம் அப்படி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த வருஷத் திருநாளுக்குக் கல்லைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். அம்மா குனிந்து, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, கதவைத் தட்டுகிற மாதிரி கல்லை விரலால் தட்டினாள்.

"இன்னாய்யா, சத்தத்தையே காணோம்?" என்றாள்.